சொல்ல வெட்கப்பட்ட ஒரு வியாதியின் வரலாறு

சர்க்கரை வியாதியால் உடம்பில் எதெல்லாம் கெடும் என்று கேட்டால் நம் வயதுக்காரர்கள் எல்லோரும் கடகடவென்று ஒப்பித்துவிடுவோம். கண், கிட்னி, கால், இதயம். அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருவது அது. ஆனால் டாக்டர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. நடைப்பயிற்சியில் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து, எச்.பி.ஏ.ஒன்.சி எவ்வளவு, எந்த மாத்திரை, எந்த டாக்டர் என்று ஒரு மணி நேரம் பேசுவோம். இதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

இந்தப் பதிவில் அதைத்தான் எழுதப் போகிறேன். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் பிறகு படித்துக் கொள்ளுங்கள். ஆனால் படியுங்கள். எனக்கும் சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுபது வயதைத் தாண்டியவன் இதை எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழில் 'ஆண்மைக் குறைவு' என்கிறோம். நான் படித்த பிரெஞ்சில் 'அம்ப்யுயிசான்ஸ்' என்பார்கள். அதற்கு நேர்ப்பொருள் 'சக்தியின்மை'. அதிகாரம் இல்லாத மந்திரியைப் பற்றி எழுதும்போதும் பிரெஞ்சுப் பத்திரிகைகள் இதே சொல்லைத்தான் போடும். ஆங்கிலத்தின் 'இம்பொடன்ஸ்' என்பதும் அதே ரகம். மூன்று மொழிகளிலும் ஓர் உறுப்பின் கோளாறுக்கு முழு மனிதனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பெயர். 1992 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, இந்தச் சொல்லை விட்டுவிட்டு 'எரெக்டைல் டிஸ்ஃபங்க்ஷன்' என்று சொல்லும்படி பரிந்துரைத்தது. நம் மருத்துவர்கள் 'விறைப்புத்தன்மைக் குறைபாடு' என்று எழுதுகிறார்கள். கொஞ்சம் நீளம்தான். ஆனால் அதில் அவமானம் இல்லை. வள்ளுவர் 'பேராண்மை' என்ற சொல்லைப் பிறன் மனைவியை நோக்காத குணத்துக்கும் பயன்படுத்தினார் என்பதையும் இங்கே நினைத்துக் கொள்ளலாம். இரத்த ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழைய வைத்தியர்கள் இந்த இரண்டு வியாதிகளையும் நன்றாக அறிந்திருந்தார்கள். சரக சம்ஹிதை இருபது வகை பிரமேகங்களைச் சொல்கிறது. மதுமேகம் அவற்றில் ஒன்று. அதே நூல் ஆண்மையின்மையை நான்கு வகையாகப் பிரித்து, முதுமையால் வருவதைத் தனி வகையாகவே வைக்கிறது. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் வாஜீகரணம் என்பது ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாரசீக மருத்துவர் இப்னு சீனா நீரிழிவுக்காரர்களை வர்ணிக்கும்போது, இனிப்பான சிறுநீர், அடங்காத பசி, அழுகும் புண் ஆகியவற்றோடு தாம்பத்திய சக்தி குலைவதையும் சேர்த்தே எழுதினார். ஐரோப்பாவில் இந்தத் தொடர்பை முதலில் குறித்தவர் ஜான் ரோலோ என்பார்கள். அவர் பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் மருத்துவர், 1798இல் எழுதினார். நீரிழிவுக்காரருக்கு மாவுப் பண்டங்களைக் குறைத்து இறைச்சி உணவு கொடுத்துப் பார்த்தவரும் இவர்தான்.

ஆக, விஷயம் புதிதல்ல. ஆயிரம் வருஷமாகத் தெரிந்த ஒன்றை நடுவில் எப்படி மறந்தோம் என்பதுதான் கதை.

பிரெஞ்சு தேசத்தின் பழைய வழக்கு ஒன்றைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். கத்தோலிக்கத் திருமணத்தில் விவாகரத்து கிடையாது. ஆனால் கணவன் ஆண்மையற்றவன் என்று நிரூபித்தால் திருமணம் செல்லாது. நிரூபிப்பது எப்படி? 'கோங்ரே' என்று ஒரு பரீட்சை வைத்தார்கள். மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் அடுத்தாற்போல் காத்திருக்க, கணவனும் மனைவியும் படுக்கையில் நிரூபித்துக் காட்ட வேண்டும்! மார்க்கி தெ லாங்கே என்ற பிரபு 1659இல் இந்தப் பரீட்சையில் தோற்றார். திருமணம் ரத்தானது. பாரீஸ் முழுக்கச் சிரித்தது. பிறகு அவர் வேறொரு பெண்ணை மணந்து ஏழு குழந்தைகளுக்குத் தகப்பனானார். இதைக் கண்டு வெட்கிய பாரீஸ் பார்லமான் என்ற உயர் நீதிமன்றம் 1677 பிப்ரவரியில் அந்தப் பரீட்சையையே ஒழித்தது. பயமும் அவமானமும் மட்டுமே ஓர் ஆரோக்கியமான ஆணைக்கூட இந்த நிலைக்குத் தள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிழிவு ஆராய்ச்சியில் பிரெஞ்சுக்காரர்கள் முன்னணியில் இருந்தார்கள். கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்று காட்டியவர் க்ளோத் பெர்னார். பாரீஸ் நகரம் 1870 செப்டம்பர் முதல் 1871 ஜனவரி வரை பிரஷ்யப் படைகளின் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது, தம் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைக் கவனித்தவர் அப்பொலினேர் புஷார்தா. இன்று டயட்டீஷியன் நமக்குச் சொல்லும் புத்திமதியின் பெரும்பகுதியை அவர் அன்றே சொல்லிவிட்டார்.

ஆனால் அதே பாரீசில்தான் அபத்தமும் நடந்தது. க்ளோத் பெர்னாருக்குப் பின் கொலேழ் தெ பிரான்சில் அவர் நாற்காலியில் அமர்ந்தவர் பிரௌன்-செக்கார். மொரீசியசில் பிறந்தவர், பெரிய நரம்பியல் மேதை. 1889இல், தம் 72ஆம் வயதில், நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது, மாடிப்படியில் ஓடி ஏறுகிறேன் என்று அறிவியல் சங்கத்தில் அறிக்கை படித்தார். அது மனப்பிரமை என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் அந்தச் சாறு உலகமெங்கும் வியாபாரமாகிவிட்டது. 1920இல் செர்ழ் வோரோனோஃப் என்ற அறுவை நிபுணர் ஒரு படி மேலே போய், குரங்கின் விதையைச் சீவி மனிதருக்கு வைத்துத் தைத்தார். பணக்காரக் கிழவர்கள் வரிசையில் நின்றார்கள்.

இந்த வாசனை நம் புதுவைக்கும் வந்தது. என் சிறு வயதில், சைகோனில் வேலை பார்த்துவிட்டு பிரெஞ்சு பென்ஷனோடு திரும்பிய சொல்தாக்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அவர்கள் வீட்டு அலமாரிகளில் பிரெஞ்சு லேபிள் ஒட்டிய 'தோனிக்' புட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பலத்துக்கு என்பார்கள். எந்தப் பலம் என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் காற்று வேறு பக்கம் திரும்பியது. மன வைத்தியர்கள் செல்வாக்குப் பெற்ற காலம் அது. இந்தக் குறை வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மனமே காரணம் என்று பாடப் புத்தகங்களில் எழுதினார்கள். ஒருவன் டாக்டரிடம் போய்ச் சொன்னால், "கவலையை விடுங்கள், மனைவியோடு எங்காவது போய் வாருங்கள்" என்பதுதான் மருந்துச் சீட்டு. சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு.

1958இல் ரூபின், பாபட் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் குமாஸ்தா வேலை செய்தார்கள். அதாவது, உட்கார்ந்து எண்ணினார்கள். 198 நீரிழிவு ஆண்களைக் கேட்டதில் 55 சதவீதம் பேருக்கு இந்தக் குறை இருந்தது. இது எல்லோருக்கும் மனக்கோளாறாக இருக்க முடியுமா? 2017இல் உலகெங்கும் நடந்த 145 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது வந்த கணக்கு 52.5 சதவீதம். இடையில் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், எண் பெரிதாக மாறவில்லை. சர்க்கரை இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் வாய்ப்பு மூன்றரை மடங்கு.

மனமா உடம்பா என்று பிரித்தறிய ஒரு வழி இருந்தது. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் இரவில் சில முறை தானாக விறைப்பு வரும். தூக்கத்தில் கவலை ஏது? அது வந்தால் குழாய்களும் நரம்புகளும் சரி, கோளாறு பெரும்பாலும் மனத்தில், வராவிட்டால் உடம்பில். இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவிகள் இருந்த காலத்தில், 1980இல் சில அமெரிக்க மருத்துவர்கள் தபால்தலைகளைக் கொண்டே சோதித்தார்கள். ஒட்டாகச் சேர்ந்த தபால்தலைகளை இரவில் வளையமாகச் சுற்றி ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும். காலையில் துளைவரிசையில் கிழிந்திருந்தால் சந்தோஷம். தபால்தலைக்கு இப்படி ஓர் உபயோகம் உண்டென்று முப்பது வருஷம் கவர் ஒட்டிய எனக்கே தெரியாது!

உடம்பில் என்ன கோளாறு? ரெனே லெரிஷ் என்ற பிரெஞ்சு அறுவை நிபுணர் 1940இல் எழுதிய கட்டுரையில், வயிற்றுப் பெருந்தமனி கிளை பிரியும் இடத்தில் அடைத்துக்கொண்ட ஆண்களுக்கு நடந்தால் கால் வலியும், கூடவே இந்தக் குறையும் வருவதைக் காட்டினார். இரத்தக் குழாய்ச் சங்கதி என்பதற்கு அது முதல் பெரிய சாட்சி. அவர் ஊன்றியதற்குத் தண்ணீர் விட்டவர் பாரீசின் ரொனால்த் விராக். ஓர் அறுவைச் சிகிச்சையின்போது, இரத்தக் குழாயை விரிக்கும் பாப்பாவெரின் என்ற மருந்து தற்செயலாக அந்தப் பக்கம் போகும் தமனியில் சேர, மயக்கத்தில் இருந்த நோயாளிக்கு விறைப்பு வந்துவிட்டது. மனம் தூங்கிக்கொண்டிருக்கிறது, உடம்பு வேலை செய்கிறது! 1982இல் 'லான்செட்' இதழில் அந்த ஊசியைப் பற்றி எழுதினார். மறு வருடம் அமெரிக்காவின் லாஸ் வேகாசில் மருத்துவர் மாநாடு ஒன்றில், பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜைல்ஸ் பிரிண்ட்லி இதுபோன்ற மருந்தைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு வந்து, மேடையிலேயே கால்சட்டையை இறக்கிக் காட்டினார். கோட்டு சூட்டோடு வந்திருந்த சீமாட்டிகளும் சீமான்களும் ஆடிப் போனார்களாம். ஆனால் அன்றோடு 'எல்லாம் மனம்தான்' என்ற வாதம் படுத்துவிட்டது.

உள்ளே நடப்பதை எளிமையாகச் சொல்கிறேன். அந்த உறுப்புக்குள் இரண்டு பஞ்சுக் குழாய்கள் உண்டு. மூளையிலிருந்து நரம்பு வழியாக உத்தரவு வரும். நரம்பு முனைகளும் இரத்தக் குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடும். அது தசைகளைத் தளர்த்தும். இரத்தம் பாய்ந்து பஞ்சை நிரப்பும். நிரம்பிய பஞ்சு, இரத்தம் வெளியேறும் நாளங்களை அழுத்தி மூடும். தொட்டியில் தண்ணீர் நிற்பது போல. நம் சர்க்கரை செய்வது என்ன? உத்தரவு கொண்டுவரும் நரம்பைக் கெடுக்கிறது, வாயுவைச் சுரக்கும் உள்சுவரையும் கெடுக்கிறது, குழாயையும் சுருக்குகிறது. 1989இல் நீரிழிவுள்ள ஆண்களின் திசுவை எடுத்துப் பரிசோதித்து, இந்தத் தளர்ச்சி சரியாக நடக்கவில்லை என்று நேரடியாகவே காட்டினார்கள். பலருக்கு ஆண் ஹார்மோனும் குறைகிறது. சில இரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் தம் பங்குக்குச் சேர்கின்றன.

அடுத்த அதிருஷ்டம் இங்கிலாந்தின் சான்ட்விச் என்ற ஊரில் அடித்தது. நெஞ்சுவலிக்கென்று ஃபைசர் கம்பெனி செய்த சில்டெனஃபில் என்ற மாத்திரை நெஞ்சுவலிக்குப் பெரிதாக உதவவில்லை. ஆனால் சோதனைக்கு வந்தவர்களிடம் வேறு விளைவைக் கண்டார்கள். 1998 மார்ச் 27 அன்று அமெரிக்கா 'வயாக்ரா'வுக்கு அனுமதி தந்தது. அதே ஆண்டு, நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1999இல் 268 நீரிழிவு ஆண்களிடம் சோதித்ததில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 56 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 10 சதவீதம் பேருக்கும் பலன் தெரிந்தது. பாதிக்குச் சற்று மேல்தான். நரம்பிலிருந்து உத்தரவே வராவிட்டால் மாத்திரை என்ன செய்யும்? அப்படிப்பட்டவர்களுக்கு ஊசி, வெற்றிடக் குழாய், உள்ளே பொருத்தும் கருவி என்று வழிகள் இருக்கின்றன.

இந்தியாவில் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தருவது 2005க்குப் பிறகுதான் வந்தது. ஆகவே நம் கம்பெனிகள் அதற்கு முன்பே இதைத் தயாரித்து மலிவாக விற்றன. ஆனால் வெட்கம் மலியவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்கள் லாட்ஜ் வைத்தியர்கள். வாரப் பத்திரிகையின் பின்பக்கங்களிலும் பஸ் ஸ்டாண்டு சுவர்களிலும் வாலிப வயோதிக அன்பர்களை அழைத்த விளம்பரங்களை நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், நம் புதுவை இந்தியாவோடு நடைமுறையில் இணைந்த அதே 1954இல், ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்க இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது. நீரிழிவு, ஆண்மையின்மை இரண்டுமே அந்த அட்டவணையில் இருக்கின்றன. சட்டம் புத்தகத்தில் இருந்தது, விளம்பரம் சுவரில் இருந்தது.

என் பணிக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2003 வாக்கில் மருத்துவச் செலவு பில்கள் என் மேசைக்கு வரும். ஒருவர் கொடுத்த மருந்துக்கடை பில்லில் ஒரு வரி மட்டும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. அடித்தல் திருத்தல் இருந்தால் கையொப்பம் வேண்டும் என்பது விதி. ஆட்சேபணைக் குறிப்போடு திருப்பி அனுப்பினால் நாலு மேசை அதைப் பார்க்கும். ஆகவே அவரையே கூப்பிட்டுத் தனியாகச் சொன்னேன். ஐம்பத்தாறு வயது, கண்ணியமான மனிதர். பில்லை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "விட்டுடுங்க சார், எனக்குப் பணமே வேண்டாம்" என்று போய்விட்டார். இன்சுலின் உட்பட ஆயிரத்துச் சொச்ச ரூபாய். அந்த வரிக்காக மொத்தத்தையும் விட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவரே மனம் விட்டுப் பேசினார். உள்ளூரில் தெரிந்துவிடும் என்று சென்னை போய் யாரோ ஒரு டாக்டரைப் பார்த்து வந்தாராம். தம் சர்க்கரை டாக்டரிடம் கடைசி வரை சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. "எனக்கு அவள்மேல் பிரியம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பத்து வருஷமாக அவள் பேசுவதையே குறைத்துவிட்டாள்" என்றார். அதற்கு அடுத்த வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் மருத்துவன் அல்ல. ஆனால் பின்னால் படித்த சில விஷயங்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த உறுப்புக்குப் போகும் தமனியின் விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இதயத் தமனி மூன்று நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படிந்தால் சிறிய குழாய்தான் முதலில் அடைக்கும். இதயம் பிறகுதான் சொல்லும். 2004இல் இத்தாலிய மருத்துவர்கள் நீரிழிவு ஆண்களை ஆராய்ந்தார்கள். நெஞ்சுவலி எதுவும் தெரியாமல் இதய அடைப்பு இருந்தவர்களில் 33.8 சதவீதம் பேருக்கு இந்தக் குறை இருந்தது. அடைப்பு இல்லாதவர்களில் 4.7 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும் என்பது நமக்குத் தெரியும். அப்படியிருக்க, முன்கூட்டியே அடிக்கும் மணியை வெட்கத்தால் துணி போட்டு மூடலாமா?

இன்னொன்று. நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகளோடு இந்த மாத்திரைகள் சேரவே கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. மருந்துக்கடையில் சொல்லாமல் வாங்கிப் போடுபவரைப் பற்றி இதய டாக்டருக்கு எப்படித் தெரியும்? மூலிகை என்று சொல்லி விற்கும் பொடிகளில் இதே மருந்தைக் கலந்திருப்பதைப் பல நாட்டு அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. அதே 2004இல், உடல் பருத்த, சர்க்கரை வராத 110 ஆண்களை இத்தாலியில் இரண்டாகப் பிரித்தார்கள். உணவும் நடையுமாக இரண்டு வருஷம் கண்காணித்த 55 பேரில் 17 பேருக்கு மாத்திரையில்லாமலே சரியானது. பொதுவான புத்திமதி மட்டும் பெற்ற 55 பேரில் 3 பேருக்குத்தான். நம் வயதில் இதெல்லாம் எதற்கு என்பீர்கள். சரி, நமக்கு வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு நாற்பது வயதாகிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கோவா 26.4; நம் புதுச்சேரி 26.3. அதாவது நம் ஊரில் நாலு பேரில் ஒருவருக்கு மேல். அவர்களில் பாதி ஆண்கள் என்று வைத்துக்கொண்டால், எத்தனை வீடுகளில் எத்தனை தம்பதிகள் காரணம் தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை சர்க்கரை டாக்டரிடம் போகும்போது, கால் மரத்துப் போகிறது என்று சொல்வீர்கள் அல்லவா, அந்த வரிசையிலேயே இதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்ல வாய் வராவிட்டால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வீட்டு அம்மாவிடமும் சொல்லுங்கள். மகனுக்குச் சர்க்கரை என்றால், இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பிவிட்டு எதுவும் பேசாமல் இருந்துவிடுங்கள். படித்துப் புரிந்துகொள்வான்.